தேம்பாவணியில் அச்சமும் ஆணையும்

வீரமாமுனிவர் (1680–1747) இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். கிறித்துவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையே இதன் பாட்டுடைத் தலைவர். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் பெருகுதல், வளர்தல் என்னும் பொருளுடையது. அப்பொருளையொட்டி முனிவர் தம் தலைவனுக்கு வளன் எனப் பெயரிட்டார். இந்நூலின் சொல்வளத்தையும், சிந்தாமணி கம்பராமாயணம் ஆகியவற்றோடு இதற்குள்ள உறவையும் அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். ஆயினும் தலைவனைப் பற்றிய வினா ஒன்று இன்னும் முற்ற ஆராயப்படாது நிற்கின்றது. அதனை எடுத்துக்கொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வினா

வளன் செய்த செயல் யாது? அவன் போர் செய்யவில்லை, நாடு கொள்ளவில்லை, அவையில் நின்று வழக்குரைக்கவில்லை. நற்செய்தி நூல்கள் நான்கினுள் எதனிலும் அவன் வாய்ச்சொல்லாக ஒரு சொல்லேனும் இல்லை. கனவில் ஒரு கட்டளை வருகின்றது. அவன் எழுந்து அதன்படி நடக்கின்றான். மீண்டும் கனவு, மீண்டும் நடத்தல். தண்டியலங்காரம் காப்பியத்திற்கு வேண்டுவது தன்னிகரில்லாத் தலைவன் எனக் கூறும். ஏவியதைச் செய்பவன் ஒருவன் எங்ஙனம் தன்னிகரில்லாதவன் ஆவான்?

இவ்வினாவோடு மற்றொன்றும் சேர்த்து எழுப்பப்படும். வளன் வாழ்க்கையோடு நேரே தொடர்பில்லாத பழைய ஏற்பாட்டுப் போர்க் கதைகள் பல இக்காப்பியத்துள் இடம்பெற்றுள்ளன. தலைவனிடத்தில் வீரம் இன்மையால், காப்பிய இலக்கணம் வேண்டும் செருவையும் வென்றியையும் பிறர் கதையினின்று கடன் வாங்கிப் புலவர் நிரப்பினார் என்பது ஒரு சாரார் கருத்து. இவ்விரு தடைகளும் தனித்தனியே தோன்றினும் விடை ஒன்றே என்பது எம் கருத்து. அவ்விடையை அடைதற்கு முதற்கண் மூல நூலை நோக்குதல் வேண்டும்.

2. மூலத்தில் வளன்

சூசையின் வரலாற்றை மிகுதியும் தருவது மத்தேயு நற்செய்தியின் முதலிரு அதிகாரங்கள். அங்கே நான்கு கனவுகள் உள. மரியாளை ஏற்றுக்கொள்க என்பது முதற் கனவு. குழந்தையையும் தாயையும் கொண்டு எகிப்துக்கு ஓடுக என்பது இரண்டாவது. ஏரோது இறந்தபின் திரும்புக என்பது மூன்றாவது. யூதேயாவை விடுத்துக் கலிலேயா செல்லுமாறு எச்சரிப்பது நான்காவது.

இந்நான்கினுள் முதலதும் இறுதியதும் அச்சம் என்னும் சொல்லோடு பிணைந்திருத்தல் கருதற்பாலது. முதற் கனவில் வானவன் கூறும் தொடக்கமே அஞ்சற்க என்பதாகும். அஞ்சாதவனை நோக்கி அஞ்சற்க என்பார் இலர். ஆதலின் சூசையின் உள்ளத்தில் அச்சம் இருந்தது என்பது பெறப்படும். இறுதியில், ஏரோதின் மகன் அர்க்கெலாவு யூதேயாவை ஆள்கின்றான் எனக் கேட்டு அவன் அங்குச் செல்ல அஞ்சினான் என நற்செய்தியாளரே வெளிப்படக் கூறுகின்றார். அவ்வச்சத்தைக் கனவு கடிந்துரைக்கவில்லை. அதற்கு இசைவாகவே வேறு வழி காட்டுகின்றது. எனவே, தொடக்கத்தில் அச்சம் விலக்கப்படுகின்றது. முடிவில் அச்சம் ஏற்கப்படுகின்றது. இரண்டிற்கும் இடையே நிகழ்வதே சூசையின் வரலாறு. அஞ்சாமையைக் கீழ்ப்படிதலின் முன்தேவையாக இம்மூலம் வைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்க.

முதற் கனவுக்கு முன் சூசை அஞ்சியது எதனை? இதுபற்றிக் கிறித்துவ உரைகாரரிடையே இருவேறு கொள்கைகள் உண்டு. மரியாளின் நிலை கண்டு தோன்றிய ஐயமே என்பர் கிறிசோத்தோம் முதலியோர். அவளிடத்து விளங்கிய தெய்வ நிகழ்ச்சியின் அருகே நிற்கத் தான் தகுதியற்றவன் என நடுங்கினான் என்பர் 12ஆம் நூற்றாண்டினராகிய பெர்னார்து. முன்னதில் அச்சம் பழியைப் பற்றியது. பின்னதில் அச்சம் கடவுளைப் பற்றியது. எக்கொள்கையைக் கொண்டாலும் வானவன் கட்டளை ஒன்றே: ஏற்றுக்கொள்.

3. ஐயம் தோன்றலும் நீங்கலும்

இம்மூலத்தை முனிவர் கையாளும் முறையைப் படலங்களின் அமைப்பே காட்டும். முதற் காண்டத்தில் ஈரறம் பொருத்து படலம், ஐயந்தோற்று படலம், ஐயநீங்கு படலம் என மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. துறவறத்தில் நிற்க விரும்பியவன் இல்லறத்தில் புகுந்து இரண்டையும் ஒருங்கே காத்தல் முதற் படலத்தின் பொருள். அங்ஙனம் ஈரறமும் பொருந்திய அமைதி நிலைபெற்றவுடன் ஐயம் புகுகின்றது. நற்செய்தியில் சில சொற்றொடர்களில் முடியும் செய்திக்குப் புலவர் இரு படலங்களை ஒதுக்கியுள்ளார். காப்பியத் தலைவன் கலங்கி நிற்கும் நிலையை மறைக்காது விரித்தார்.

ஐயம் என்னும் சொல்லாட்சியும் எண்ணத்தக்கது. சினம் எனவோ வெகுளி எனவோ அவர் பெயரிடவில்லை. சினம் கொண்டவன் முடிவு செய்துவிட்டவன். ஐயுற்றவன் இருபாலும் நிற்பவன். மோசேயின் சட்டம் ஒருபுறம் தண்டத்தைச் சுட்டுகின்றது. தான் அறிந்த மரியாளின் தூய்மை மறுபுறம் நிற்கின்றது. இரண்டும் பொய்யாதல் இயலாது என உணர்ந்தவனே ஐயத்தில் அகப்படுவான். ஆகவே, வளனின் ஐயம் நீதியுணர்வின் குறை அன்று; அதன் மிகுதி. நற்செய்தியாளர் அவனை நீதிமான் எனக் குறித்தது இவ்விடத்தில்தான்.

இந்நிலையில் அவன் கண்ட முடிவு யாது? யாரையும் பழியாமல் மறைவாகப் பிரிந்து செல்லுதல். இஃது இரக்கமுடைய முடிவே. எனினும் விலகிச் செல்லும் முடிவு. கட்டளையோ அதற்கு நேர்மாறாக நிற்கச் சொல்கின்றது. ஊரார் சொல்லும் பழியைத் தானும் ஏற்று, விளக்கம் கூறவும் இயலாது, அதே வீட்டில் அதே தொழிலில் நிலைபெறுதலே அவன் முன் வைக்கப்பட்ட பணி. கனவில் கேட்டதைச் சான்றாகக் காட்டி எவரையும் தெளிவித்தல் அரிது. கடவுளுக்குக் கீழ்ப்படிதலில் வேண்டப்படும் துணிவின் முதற்கூறு இதுவே எனலாம்: தன் செயலின் காரணத்தைப் பிறர் அறியமாட்டார் என்பதை அறிந்தே அச்செயலைச் செய்தல்.

தமிழில் கேட்டல் என்னும் சொல் செவியால் உணர்தலையும், சொன்னபடி நடத்தலையும் குறிக்கும். சொற்கேளாப் பிள்ளை என்னும் வழக்கில் குறை செவியில் இல்லை என்பது யாவரும் அறிந்தது. வளன் இவ்விருபொருளும் ஒன்றாகுமாறு கேட்டவன். கேட்டதற்கும் நடந்ததற்கும் இடையே அவனுக்கு ஒரு பேச்சும் இல்லாமையின் பொருள் இஃதேயாகும்.

4. இருவகை நீங்குதல்

இரண்டாம் கனவைத் தொடர்வது பைதிரம் நீங்கு படலம். பைதிரம் என்பது நாடு. இத்தலைப்பைக் காணும் தமிழ் மாணவர்க்குக் கம்பரின் நகர் நீங்கு படலம் நினைவுக்கு வாராதிராது. முனிவர் கம்பரை ஆழ்ந்து கற்றவர். ஆதலின் இவ்வொப்புமை தற்செயலானது எனக் கொள்ளுதல் பொருந்தாது. இரண்டும் ஆணைக்கு அடங்கித் தன் இடம் விட்டுப் பெயர்தலைக் கூறுவன. ஆயின் வேறுபாடுகளே இங்குப் பயன்தருவன.

இராமன் பகலில் நீங்குகின்றான்; நகரமே அழுகின்றது. வளன் இரவில் நீங்குகின்றான், யாரும் அறியார். இராமன் கேட்ட ஆணை சிற்றன்னை வாயிலாக, அரண்மனையில், விழித்த நிலையில் வந்தது. வளன் கேட்டது உறக்கத்தில் வந்தது. இராமன் கையில் வில் உண்டு. உடன் செல்லும் இளவலும் வில்லாளன். வளன் கையில் ஒரு குழந்தை; உடன் செல்பவள் அண்மையில் மகவீன்ற தாய். இராமன் நீங்குதல் தந்தையின் வாய்மையைக் காத்தற்பொருட்டு. அதனால் அவன் புகழ் வளர்கின்றது. வளன் நீங்குதல் ஓர் அரசனின் வாளுக்குத் தப்புதற்பொருட்டு. அது காண்பார்க்கு ஓட்டமாகவே தோன்றும்.

ஈண்டுத்தான் காப்பியப் புலவர்க்கு உண்மையான இடர்ப்பாடு. தமிழ் மரபில் புறங்கொடுத்தல் பழிக்கப்படுவது. முதுகிற் புண்பட்டான் எனக் கேட்ட தாயின் சீற்றத்தைச் சங்கப் பாட்டு அறியும். அம்மரபில் ஓடியவன் ஒருவனை எங்ஙனம் தலைவனாக்குவது? ஓடுக என ஆணையிட்டவர் கடவுள் என்பது கொள்கையளவில் விடையாகலாம். காப்பியச் சுவையளவில் விடையாகாது. படிப்பவர் நெஞ்சில் அவ்வோட்டம் வீரமாக உணரப்படல் வேண்டும். அதற்கு முனிவர் கண்ட வழியே அடுத்து ஆராயப்படுவது.

மேலும் ஒன்று. நீங்கு என்னும் வினை முதற் காண்டத்தில் ஐயத்தின்மேல் நிற்கின்றது. பின்னர் நாட்டின்மேல் நிற்கின்றது. முன்னது உள்ளத்தினின்று ஐயம் நீங்குதல். பின்னது நாட்டினின்று ஆள் நீங்குதல். முன்னது நிகழாதாயின் பின்னது நிகழ்ந்திராது. முதற் கனவில் ஒருமுறை சொற்கேட்டுப் பழகிய நெஞ்சமே இரண்டாம் கனவில் விடியலுக்கும் காத்திராது எழுகின்றது. துணிவு என்பது ஒரு நாளில் முழுவதும் பெறப்படும் உடைமை அன்று. சிறிய கீழ்ப்படிதல் பெரிய கீழ்ப்படிதலுக்கு நெஞ்சைப் பயிற்றுகின்றது என்பதைப் படலங்களின் வரிசையே கூறிவிடுகின்றது.

5. போர்க் கதைகளின் பயன்

பைதிரம் நீங்கியபின் நிகழும் வழிச்செலவின் பகுதியிலேயே சோசுவன் வெற்றிப் படலமும் சேதையோன் வெற்றிப் படலமும் அமைந்துள்ளன. சோசுவன் என்பவன் மோசேக்குப் பின் இசுரவேல் மக்களை நடத்திய யோசுவா. சேதையோன் என்பவன் நீதித்தலைவருள் ஒருவனாகிய கிதியோன். இவற்றிற்கு முன்னர், வளன் சனித்த படலத்தில், அவன் குலமுதல்வனாகிய தாவீது கோலியாத்தை வென்ற வரலாறு வருகின்றது.

வழியிலுள்ள இடங்களின் பழைமை கூறுதல் காப்பிய வழக்கு. அதனால் இக்கதைகள் வந்தன என்பது ஒரு விளக்கம். அது தவறன்று, ஆனால் போதியதன்று. பழைய ஏற்பாட்டில் போர் வீரர் மிகப் பலர். அவர்களுள் இம்மூவரை முனிவர் விரித்தெடுத்தது ஏன்? மூவர்தம் வரலாற்றின் விவிலிய மூலத்தை ஒருங்கு வைத்து நோக்கின் பொதுவாகிய ஒன்று புலனாகும்.

தாவீது சவுல் மன்னன் அளித்த கவசத்தைக் களைந்துவிட்டு, ஐந்து கூழாங்கற்களோடும் கவணோடும் களம் புகுந்தவன், உடன்பிறந்தாருள் இளையவன். யோசுவாவை நோக்கித் திடங்கொள் என்னும் ஆணை அந்நூலின் முதல் அதிகாரத்திலேயே மீண்டும் மீண்டும் வருகின்றது. திடம் அவனிடத்து இயல்பாக இருந்திருப்பின் அதனைக் கட்டளையாக இடுதல் வேண்டா. யோர்தான் ஆறு அறுவடைக் காலத்தில் கரைபுரண்டு ஓடுகையில், பேழையைச் சுமந்த குருக்களின் கால்கள் நீரில் நனைந்த பின்னரே வெள்ளம் நின்றது, நின்றபின் இறங்கவில்லை. கிதியோனோ அச்சமே உருவானவன். பகைவர்க்கு அஞ்சித் திராட்சை ஆலையில் மறைந்து கோதுமை அடித்துக்கொண்டிருந்தவனை நோக்கியே வானவன் வீரனே என விளிக்கின்றான். அவன் அடையாளம் கேட்கின்றான், மீண்டும் கேட்கின்றான், ஆட்டுத்தோலை விரித்து இருமுறை சோதிக்கின்றான். அவன் திரட்டிய படை 32,000. அஞ்சுவோர் திரும்பலாம் என்றபோது 22,000 பேர் சென்றனர். எஞ்சிய 10,000 பேருள் 300 பேரே இறுதியில் நிறுத்தப்பட்டனர்.

இம்மூவர் வெற்றியிலும் படைவலி காரணமாகக் கூறப்படவில்லை. கவசம் களையப்படுகின்றது, படை குறைக்கப்படுகின்றது, அருஞ்செயல் நிகழுமுன் கால் நீரில் வைக்கப்படுகின்றது. வெளித்துணை குறையுந்தோறும் ஆணையின்மேல் வைத்த நம்பிக்கை ஒன்றே எஞ்சுகின்றது. இவ்வரிசையின் முடிவில் வளனை நிறுத்துக. அவனிடம் முந்நூறு பேரும் இலர், கவணும் இல்லை. குறைத்தற்கு இனி ஒன்றும் இல்லாத நிலை அவனுடையது. போர்க் கதைகள் அவனிடத்து இல்லாத வீரத்தை ஈடுசெய்ய வந்தன அல்ல. அவனிடத்துள்ள வீரம் எத்தகையது என அளத்தற்கு வந்த அளவுகோல்கள். ஓடுகின்ற ஒருவனின் வழியில் வென்றவர் கதைகளை முனிவர் வைத்தது, அவ்வோட்டமும் அவ்வெற்றிகளும் ஓரினம் என உணர்த்துதற்கேயாம்.

இதனை வலியுறுத்தும் வேறொரு செய்தியும் உண்டு. முனிவர் தம் கதைக்குத் துணைகொண்ட நூல்களுள் ஒன்று, எசுப்பானியத் துறவி ஆகிரேதா மரியாள் (1602–1665) எழுதியது. அந்நூலின் நடுநாயகம் மரியாள். சூசை அவள் வரலாற்றில் வருபவர். முனிவர் அவ்வுறவைத் திருப்பி, பின்னால் நின்றவரை முன்னே நிறுத்தினார். ஏவல் கேட்டு நடந்த ஒரு தச்சனிடத்தில் பெருங்காப்பியம் சுமக்கத்தக்க பெருமை உண்டு என்னும் துணிபு இல்லாதவர் இம்மாற்றத்தைச் செய்திரார்.

6. தம் இறை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கு என வகுக்கும்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பெருமிதத்திற்குரியன கல்வி, தறுகண், புகழ், கொடை. அச்சமும் பெருமிதமும் வேறுவேறு மெய்ப்பாடுகள். ஒன்று உள்ளவிடத்து மற்றொன்று இல்லை என்பது போன்ற எண்ணம் கற்போரிடையே உண்டு.

வளன் வரலாற்றைக் கொண்டு இந்நான்கனையும் நோக்கின் ஒரு நுட்பம் விளங்கும். முதல் மூன்றும் தீங்கு செய்வன. நான்காவதாகிய இறை அத்தகையது அன்று. இறை என்னும் சொல் அரசனுக்கும் தலைவனுக்கும் கடவுளுக்கும் வழங்குவது. வளன் முன் இரு இறைவர் நிற்கின்றனர்: ஒருவன் ஏரோது, மற்றவர் கடவுள். எவரைத் தம் இறை எனக் கொள்வது என்பதே அவன் செய்யவேண்டிய தேர்வு. தம் இறை என்பதிலுள்ள தம் என்னும் சொல்லின் ஆற்றல் இங்கே தெளிவாகும். அத்தேர்வு நிகழ்ந்தபின் ஏரோதின்மேல் உள்ள அச்சம் அழிவதில்லை, ஆட்சியை இழக்கின்றது. அஞ்சியவாறே ஒருவன் சரியான திசையில் நடக்க முடிகின்றது.

அஞ்ச வேண்டுவதற்கு அஞ்சுதல் அறிவுடையார் தொழில் என அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் வற்புறுத்தியது இதனோடு ஒத்துச் செல்லும். அர்க்கெலாவுக்கு அஞ்சிய சூசையை நற்செய்தி குறைகூறாமையும் இதனாலேயே. கடவுளுக்குக் கீழ்ப்படியும் துணிவு தறுகண்மையின் வேறு. அது தனக்குரிய அச்சத்தைத் தேர்ந்துகொண்டவனின் நிலை. தறுகண்மை பிறவியிலேயே சிலர்க்கு வாய்ப்பது. இஃதோ அஞ்சும் இயல்பினர்க்கும் கைகூடுவது. கிதியோன் வரலாறு காப்பியத்துள் வேண்டப்பட்டதும் இதனாலேயாம்.

7. காப்பியத்தின் குறை

இங்ஙனம் கூறுதலால் நூல் எவ்விடத்தும் இவ்வுயரத்தில் நிற்கின்றது எனக் கொள்ளற்க. வானவர் துணைநிற்றலும் அருஞ்செயல்கள் நிகழ்தலும் மிகுந்தவிடத்து வளனின் இடர் மெலிகின்றது. நற்செய்தியில் அந்த இரவு வெறும் இருள். காப்பியத்தில் அதன்மேல் ஒளி பரவுகின்றது. துணை கண்முன் நிற்கும்போது துணிவுக்கு வேலை குறைவு. கம்பரின் இராமன் கானகத்தில் பட்ட துன்பம் நம்மை உருக்குவதுபோல் வளனின் பாலைவழி எப்போதும் உருக்காமைக்குக் காரணம் இதுவே. வருணனைப் பெருக்கும் சிலவிடங்களில் தலைவனை மறைத்துவிடுகின்றது.

ஆயினும் குழவிகள் வதைப் படலத்தை முனிவர் விலக்காது அமைத்தமை அவர் நேர்மைக்குச் சான்று. வளன் கட்டளைப்படி நீங்கினான். அவன் மகன் பிழைத்தான். பெத்லகேமின் பிற மகவுகள் பிழைக்கவில்லை. கீழ்ப்படிதல் உலகின் துன்பம் அனைத்தையும் தடுத்துவிடும் என்னும் எளிய ஆறுதலை இப்படலம் இடித்துவிடுகின்றது. தனக்கு இடப்பட்டதைச் செய்தவன், தனக்கு இடப்படாத, தன்னால் தடுக்கவியலாத அழிவின் செய்தியையும் நெஞ்சில் சுமந்து வாழவேண்டும். காப்பியம் இவ்வினாவுக்கு முழுவிடை தந்தது எனல் இயலாது. ஆயின் அதனை மூடிமறைக்கவில்லை. பக்திக் காப்பியம் ஒன்று தன் தலைவனின் வெற்றிக்கு அருகிலேயே இத்துயரை வைத்தது, எளிதாகக் கடந்து செல்லத்தக்கது அன்று.

8. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. வளன் செயலற்ற தலைவன் என்னும் தடை, செயல் என்பதைப் போரும் பேச்சுமாகவே கொண்டதனால் எழுந்தது. ஐயத்தினின்று நீங்குதல், நாட்டினின்று நீங்குதல் என்னும் இரண்டுமே அவன் செயல்கள். இரண்டும் ஆணை கேட்டவுடன், சான்றும் துணையும் காத்திராது செய்யப்பட்டவை. சோசுவன், சேதையோன், தாவீது ஆகியோர் வரலாறுகள் ஒட்டாத கிளைகள் அல்ல. வளனின் துணிவு எவ்வினத்தது எனக் காட்டும் சான்றுகள்.

காப்பியத்தின் இறுதிப் படலம் முடிசூட்டு படலம் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுக. கம்பராமாயணத்தின் நிறைவில் முடி பெறுபவன் இராவணனை வென்று மீண்டவன். தேம்பாவணியின் நிறைவில் முடி பெறுபவன், ஓர் இரவில் குழந்தையைத் தோளில் இட்டு அரசனுக்கு அஞ்சி ஓடிய தச்சன். வென்றவர்க்குத் தமிழ்க் காப்பியம் காலந்தோறும் வழங்கிவந்த முடியை, அஞ்சியும் ஆணை தவறாதவனுக்கு எடுத்துச் சூட்டியதே முனிவர் செய்த புதுமை. தேம்பாவணியை நடையழகுக்காகவும் உவமைக்காகவும் பயிலும் மாணவர், இம்முடி எவர் தலையில் ஏறியது என்பதையும் நினைந்து பயில்வாராயின், தலைவன் என்னும் சொல்லின் பொருள் விரிவை இந்நூலினின்று பெறுவர்.